புத்தகக் கடைக்குள் ஒரு மேடை

(தில்லியில் வாழும் தமிழ் பேசும் தோழர்களுக்கான பண்பாட்டு அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தக நிலையங்களும் பண்பாட்டுப் பணியும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. பொதுவாகப் பேசினால் நாம் அனைவரும் உடன்பட்டு, தேநீர் அருந்திவிட்டுக் கலைந்துவிடுவோம். எனவே ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. மதராசி கேம்ப் மக்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து நாம் ஒரு சிறுநூலாக அச்சிட்டிருக்கிறோம். ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த நம் மக்களின் ஏறத்தாழ 370 குடிசைகள் 2025 ஜூன் 1ஆம் நாள் இடித்துத் தள்ளப்பட்டன. 189 குடும்பங்களே நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையவை என்று அறிவிக்கப்பட்டது. அந்நூலை எங்கே வெளியிடுவது, எப்படி வெளியிடுவது என்பதில் நமது குழுவில் இரண்டு கருத்துகள் உள்ளன. நகரின் நடுவில் பெரிய மண்டபம் எடுத்து, தலைவர்களை அழைத்துச் சிறப்பாகச் செய்யவேண்டும் என்பது ஒன்று. அது வேண்டியதில்லை என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கருத்தின் பக்கம் நிற்பவன். அதற்கான வாதத்தையே இன்று முன்வைக்கிறேன்.

நீல வழித்தட மெட்ரோவில் செல்லும் தோழர்கள் ஷாதிபூர் நிலையத்தை நாள்தோறும் கடக்கிறீர்கள். அங்கே இறங்கிச் சற்று நடந்தால் ஷாதி காம்பூர் என்னும் பகுதி. குறுகிய தெருக்கள், அடுக்கடுக்காக எழுந்த வீடுகள், சிறு பட்டறைகள், மளிகைக் கடைகள். அவற்றின் நடுவே மே தினப் புத்தக நிலையம் இருக்கிறது. 2012 மே 1ஆம் நாள் திறக்கப்பட்டதால் அந்தப் பெயர். லெஃப்ட்வேர்டு பதிப்பகம் அதை நடத்துகிறது. அதை ஒட்டியே ஸ்டுடியோ சஃப்தர் என்னும் சிற்றரங்கு. ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் முயற்சியால் உருவான அந்த அரங்கு, சஃப்தர் ஹஷ்மியின் பிறந்தநாளான ஏப்ரல் 12 அன்று, அதே ஆண்டில் திறக்கப்பட்டது. புத்தகக் கடை, தேநீர், அரங்கு, பதிப்பகம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன.

இந்த நான்கும் ஒன்றாக இருப்பதன் பொருளாதாரத்தை முதலில் பார்ப்போம். கலையைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நூலின் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாளர் அதை வெளிக்கடைகளின் வழியாக விற்றால் கழிவு கொடுக்கவேண்டும். நாற்பது விழுக்காடு கழிவு என்றால் 120 ரூபாய் போய்விடும். எஞ்சிய 180 ரூபாயில் தாள், அச்சு, கட்டுமானம், ஆசிரியரின் உரிமைத்தொகை, ஊழியர் ஊதியம் அனைத்தையும் பார்த்தாகவேண்டும். இணையப் பெருவணிக நிறுவனங்கள் கேட்கும் கழிவை நான் சொல்லவே வேண்டியதில்லை. அதே நூல் பதிப்பகத்தின் சொந்தக் கடையில் விற்றால் அந்த 120 ரூபாய் அங்கேயே தங்குகிறது. ஒரு வெளியீட்டு நிகழ்ச்சியில் 40 பிரதிகள் விற்றால் 4,800 ரூபாய். அந்தத் தொகையில் அன்றைய மின்கட்டணத்தையும், தேநீர்ச் செலவையும், அரங்கைத் துடைத்துச் சுத்தம் செய்பவரின் கூலியையும் கொடுத்துவிடலாம். மேடையை நூல் தாங்குகிறது. மேடைக்கு வந்தவர் நூலை வாங்குகிறார்.

இத்தகைய கடைகளைச் சுயேச்சையானவை என்கிறோம். எதிலிருந்து சுயேச்சை? ஜன நாட்டிய மஞ்ச் தோழர்கள் வீதி நாடகம் முடிந்ததும் பார்வையாளர் முன் துணியை விரித்துக் காசு திரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெருநிறுவனங்களின் நிதியையும் அரசு மானியத்தையும் நாடாமல் அக்குழு இயங்கி வருகிறது. எனவே அது முதலாளியிடமிருந்தும் அமைச்சகத்திடமிருந்தும் சுயேச்சை பெற்றிருக்கிறது. பார்வையாளரிடமிருந்து அதற்குச் சுயேச்சை இல்லை. பார்வையாளர் வராவிட்டால் மூடவேண்டியதுதான். இந்தச் சார்பு நல்லது என்று நான் கருதுகிறேன். நமது சில அமைப்புகளின் நூல்கள் கிடங்கில் கட்டுக் கட்டாகக் கிடப்பதற்குக் காரணம், அவை விற்றாலும் விற்காவிட்டாலும் நம் வேலை நடந்துகொண்டே இருப்பதுதான். இது கசப்பாக இருக்கலாம். ஆனால் இதுவே உண்மை.

அந்த அரங்கின் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தைகள். அதில் நிலையான மேடை இல்லை. நிலையான இருக்கைகளும் இல்லை. சுவர்கள் கறுப்பு. நாடகத்தின் தேவைக்கேற்ப பார்வையாளர் சுற்றி அமரலாம். ஒரு பக்கமாகவும் அமரலாம். இன்று ஒத்திகை நடக்கும் தரையில் நாளை ஆவணப்படம் திரையிடலாம். மறுநாள் நூல் வெளியிடலாம். மண்டி ஹவுஸ் பகுதியின் பெரிய அரங்குகளுக்கு வாடகை கட்ட முடியாத இளம் குழுக்கள் இங்கே குறைந்த செலவில் பயிற்சி செய்கின்றன. முதல் வரிசை என்று ஒன்று இல்லாததால் முக்கியப் பிரமுகர் எங்கே அமர்வது என்ற சிக்கலும் எழுவதில்லை! தோழர்கள் சிரிக்கிறீர்கள். கடந்த ஆண்டு நமது நிகழ்ச்சி ஒன்றில் இந்தச் சிக்கலே முக்கால் மணி நேரத்தைத் தின்றது என்பதை அனைவரும் அறிவீர்கள்.

அரங்குக்குச் சஃப்தரின் பெயர் ஏன் வந்தது என்பதை இளைய தோழர்களுக்காகச் சொல்லவேண்டும். 1973இல் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச், தொடக்கத்தில் பெரிய மேடை நாடகங்களையே நடத்தியது. நெருக்கடி நிலைக்குப் பின் தொழிற்சங்கங்களிடம் நாடகச் செலவுக்குப் பணமில்லை. அந்தப் பணமின்மையிலிருந்துதான் அக்குழுவின் வீதி நாடகம் பிறந்தது. 1978இல் உருவான 'மெஷின்' நாடகம் சுமார் பதின்மூன்று நிமிடங்களே. திரை, ஒளியமைப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஓர் ஆலையில் மிதிவண்டி நிறுத்த இடமும் தேநீர்க் கடையும் கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்ட நிகழ்ச்சியே அதன் கரு.

1988 நவம்பரில் தில்லித் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காக உருவான நாடகமே பின்னர் 'ஹல்லா போல்' ஆனது. 1989 ஜனவரி 1ஆம் நாள், சாஹிபாபாதின் ஜண்டாபூரில் அது நடந்துகொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி கொல்லப்பட்டார். படுகாயமுற்ற சஃப்தர் மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34. ஜனவரி 4ஆம் நாள் மலயஸ்ரீ ஹஷ்மியும் குழுவினரும் அதே இடத்திற்குச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆக, தெருவிலேயே பிறந்து தெருவிலேயே இரத்தம் சிந்திய ஒரு குழு, பல்லாண்டுகளுக்குப் பிறகு நான்கு சுவர்களுக்குள் ஓர் அரங்கை ஏன் கட்டியது? இது பின்வாங்கல் அல்லவா? இக்கேள்வியை என்னிடம் ஒரு தோழர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. எனது விடை இது: தெருவுக்குப் போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து சிந்திக்க ஓர் இடம் வேண்டும். ஒத்திகை பார்க்கவும், தவறு செய்து பார்க்கவும், படிக்கவும், பிறர் செய்வதைப் பார்க்கவும் இடம் வேண்டும். அந்த இடமும் பணக்காரர் குடியிருப்பில் இல்லாமல் உழைப்பவர் குடியிருப்பில் இருக்கவேண்டும். ஜெனின் அகதிகள் முகாமிலிருந்து வந்த பாலஸ்தீன விடுதலை அரங்கின் கலைஞர்களும் ஜன நாட்டிய மஞ்ச் கலைஞர்களும் 2015ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் கூட்டாக ஒரு நாடகத்தை உருவாக்கி, இந்தியாவின் பல நகரங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். மொழி வேறு, நாடு வேறு. ஒரு தெருமுனையில் இரண்டு மணி நேரம் நின்று அதை உருவாக்கியிருக்க முடியாது.

எனினும் ஓர் ஐயத்தை நான் மறைக்கப் போவதில்லை. மெட்ரோவில் வந்திறங்கும் மாணவரும் பேராசிரியரும் பத்திரிகையாளரும் கடைக்குள் நுழைவது எளிது. பக்கத்து வீட்டுத் தையல் தொழிலாளி நுழைவது அவ்வளவு எளிதன்று. ஆங்கில நூல்கள் நிரம்பிய அலமாரியே அவருக்கு ஒரு சுவர். நல்ல நோக்கத்தோடு கடை திறந்தால் மட்டும் அந்தச் சுவர் இடிந்துவிடாது. அங்கே அதை இடிக்கச் செய்யப்படும் முயற்சிகள் நாம் கவனிக்கத்தக்கவை. நண்பர்கள் கொடுக்கும் பழைய நூல்கள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு நாடகப் பயிற்சி நடக்கிறது. ஆண்டுதோறும் மே தினத்தன்று நாள் முழுவதும் பாட்டு, கவிதை, நாடகம், நூல் விற்பனை. அந்த ஒரு நாளில் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே வேறுபாடு தெரியாது. நான் சென்ற ஒரு மே தினத்தில், கல்லூரி மாணவர் குழு பாடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு மூதாட்டி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சற்று நேரத்தில் அவரே கீழே இறங்கி வந்து நாற்காலி கேட்டு அமர்ந்துகொண்டார். புத்தகம் எதுவும் அவர் வாங்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து போனார்.

ஷாதிபூரைப் பற்றிப் பேசும்போது கட்புத்லி காலனியைச் சொல்லாமல் விட முடியாது. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், வித்தைக்காரர்கள், பறை கொட்டுவோர் என்று பல்லாயிரம் பேர் ஷாதிபூர் பேருந்துப் பணிமனையை ஒட்டி வாழ்ந்தார்கள். அரசு விழாக்களில் இந்தியப் பண்பாடு என்று உலகிற்குக் காட்டப்பட்டவர்கள் இவர்களே. மறுகுடியமர்த்தல் என்ற பெயரில் தனியார் கட்டுமான நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டு, 2017இல் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. நாட்டின் தலைநகரில் கலைக்கு இடம் வேண்டும் என்று பேசும் அதே ஆட்சியாளர்கள் கலைஞர்களின் குடிசைகளை இடிக்கிறார்கள். மதராசி கேம்ப் நமக்கு நேர்ந்தது என்று நினைக்கிறோம். ஷாதிபூரில் அது முன்பே நேர்ந்தது.

இப்போது திரையிடலுக்கு வருகிறேன். நூல் வெளியீட்டைவிட இதில் இடர் அதிகம். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திரையிடும் படத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் ஒன்றிய அரசு ஒழித்துவிட்டது. இனி உயர்நீதிமன்றத்திற்குத்தான் போகவேண்டும். ஆவணப்பட இயக்குநர் எத்தனை பேரிடம் அதற்குரிய பணம் இருக்கிறது? சான்றிதழ் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை. ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். தேசிய விருது பெற்ற படம். தூர்தர்ஷனில் ஒளிபரப்பான படம். 2024 ஜனவரியில் ஐதராபாத் நகரில் ஓர் உணவகத்தில் அதைத் திரையிட்டபோது காவல்துறை இடையிலேயே நிறுத்தி, ஏற்பாடு செய்தவர்களைப் பிடித்துச் சென்றது.

அரசின் கை கடைக்காரர் வரை நீள்வது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. சான்பிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை 1953இல் தொடங்கப்பட்டது. 1957இல் ஆலன் கின்ஸ்பெர்கின் ஒரு கவிதை நூலை விற்றதற்காக அக்கடையின் ஊழியர் கைது செய்யப்பட்டார். வழக்கு நடந்தது, நூல் ஆபாசமானது அன்று எனத் தீர்ப்பு வந்தது. நம் தமிழகத்தில் 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் எம்.ஆர். ராதாவைக் குறிவைத்து வந்ததை அறிவீர்கள். ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்திற்கு முடிவு கட்டியது.

ஆனால் சட்டத்தைக் காட்டிலும் அதிகமாக நம்மைத் தடுப்பது ஒரு தொலைபேசி அழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓர் ஆவணப்படத் திரையிடலுக்கு மண்டபம் பதிவு செய்தோம்; முழு வாடகையையும் கட்டினோம். இரண்டு நாள் முன்பாக மண்டபப் பொறுப்பாளர் அழைத்து, மின்பழுது என்றார். என்ன பழுது என்று கேட்டதற்கு, ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன், புரிந்துகொள்ளுங்கள் என்றார். அவர் மீது எனக்குச் சினம் வரவில்லை. அவரை அழைத்தவர் யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எழுதிய உத்தரவு இல்லை. எனவே வழக்குப் போடவும் வழியில்லை. வாடகைப் பணம் மட்டும் மூன்று மாதம் கழித்து, பிடித்தம் போகத் திரும்பி வந்தது. அன்று மாலை தோழர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் படத்தைக் காட்டினோம். காற்றில் திரை ஆடிக்கொண்டே இருந்தது. முப்பது பேர் கடைசி வரை இருந்தார்கள்.

சொந்தமாகக் கடையும் அரங்கும் இருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு யாருக்கு வரும்? நமக்கே வரும். நாம் என்ன விடை சொல்லுவோம் என்பது நம் கையில் இருக்கிறது. சுயேச்சை என்பதன் நடைமுறைப் பொருளாக நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

அடுத்ததாக நம் வெளியீட்டு விழாக்களைப் பற்றி. தமிழ்நாட்டிலும் இங்கும் நாம் நடத்தும் நூல் வெளியீட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், வாழ்த்துரை ஏழு பேர், பொன்னாடை பதினான்கு, ஏற்புரை, நன்றியுரை. பேசியவர்களில் நூலைப் படித்தவர் எத்தனை பேர்? அட்டைப்படத்தைப் பாராட்டியே பத்து நிமிடம் பேசியவரை நான் கண்டிருக்கிறேன். ஆசிரியர் ஏற்புரை சொல்ல எழும்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. மே தினப் புத்தக நிலையம் போன்ற இடங்களில் வழக்கம் வேறு. நூலாசிரியர் சில பக்கங்களைப் படிக்கிறார். நூலைப் படித்துவிட்டு வந்த ஒருவர் அவரிடம் கேள்வி கேட்கிறார். பின்னர் பார்வையாளர் கேட்கிறார்கள், மறுத்தும் பேசுகிறார்கள். பிறகு தேநீர். அந்தத் தேநீர் நேரத்தில்தான் புத்தகம் விற்கிறது.

இது தில்லியிலிருந்து நாம் கற்கவேண்டிய புதுமையா? இல்லை, தோழர்களே. நம்முடைய பழைய வழக்கத்தையே நாம் மறந்திருக்கிறோம். 1931இல் 'குடி அரசு' வார இதழில் கம்யூனிஸ்ட் அறிக்கையின் பகுதிகள் தமிழில் வந்தன. அக்காலத்தில் ஓர் இதழை வாங்கியவர் ஒருவர், படித்தவர் ஒருவர், கேட்டவர் இருபது பேர். படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்டார்கள். எழுத்தறியாதவரும் அதில் வாசகரே. 2020 முதல் பிப்ரவரி 21ஆம் நாளைச் சிவப்புப் புத்தக தினமாகக் கொண்டாடுகிறோம். 1848இல் அறிக்கை வெளியான நாள் அது. அந்நாளில் நாம் கூட்டாக உரக்கப் படிக்கிறோம் அல்லவா? அதே முறையை ஆண்டின் மற்ற நாள்களுக்கும் கொண்டுவரவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

பெரிய மண்டபம் வேண்டும் என்னும் தோழர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. இடிக்கப்பட்ட குடிசைகளின் செய்தி நாளேடுகளில் வரவேண்டும். தலைவர்கள் வந்தால்தான் படக்கருவிகள் வரும். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு செய்தியாளர் சந்திப்பை நடத்துவோம். வெளியீட்டு விழாவிடம் அந்த வேலையை ஒப்படைக்கவேண்டாம். மேலும், இந்நூலில் பேசியிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்பவர்கள். நரேலாவிலிருந்து ஜங்புரா பக்கம் வேலைக்கு வந்து திரும்பவே அவர்களுக்கு நாள் போய்விடுகிறது. பலர் வேலையையே இழந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றிய நூலின் விழாவுக்கு வர அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும், அங்கே வந்து கடைசி வரிசையில் அமரவேண்டும் என்றால் நாம் எதை வெளியிடுகிறோம்?

எனவே எனது முன்மொழிவு இது. நூலின் முதல் வாசிப்பு நரேலாவில், அவர்களுடைய குடியிருப்பின் மாடிப்படி முற்றத்தில் நடக்கட்டும். வாக்குமூலம் தந்தவர்களில் விரும்புவோர் தாமே படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர் சொல்லட்டும், அவருடைய பேத்தி படிக்கட்டும். தவறாக எழுதியிருக்கிறோம் என்று அவர்கள் சுட்டினால் அடுத்த பதிப்பில் திருத்துவோம். இரண்டாவது வாசிப்பைப் புத்தகக் கடையுடன் கூடிய ஒரு சிற்றரங்கில், இந்தி மொழிபெயர்ப்புடன் நடத்துவோம். இவ்வூரில் குடிசை இழந்தவர் தமிழர் மட்டுமல்லர். பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்திற்கு நரேலாவுக்கு ஒரு பேருந்து பிடிக்கலாம்.

பேருந்து வாடகையை நான் விசாரித்துவிட்டேன். குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் நூலின் அறுபது பிரதிகள் இருக்கின்றன. விலை 80 ரூபாய். கழிவு கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு முடிவெடுக்கக் கூடும்போது ஒவ்வொருவரும் படித்துவிட்டு வரவேண்டும். குறிப்பாக 31ஆம் பக்கத்தில் ரேஷன் அட்டை தொலைந்த கதையைச் சொல்லும் அம்மையாரின் வாக்குமூலத்தைப் படியுங்கள். அதை நாடகமாக்கலாமா என்று இளைஞர் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மையாரிடம் இன்னும் கேட்கவில்லை.